அம்மிணியைக் கூப்பிட்ட கதிர்க்குருவி

சுள்ளிபாளையத்துப் பெரிய குளத்தில் ஐப்பசி மழையின்போது மூழ்கிச் செத்து, ஊர் கூடி எரித்து, காரியமும் முடிந்து, சொந்தக்காரர்கள் பெரிய பாத்திரங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பஸ் ஏறிப் போன பிறகு, கார்த்திகையின் முதல் பனி இறங்கிய ஒரு விடியலில், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த தண்டபாணி குளத்து நாணலுக்குள்ளிருந்து தன் மனைவியைக் கூப்பிட்டார். "அம்மிணி… வந்துட்டேன்" என்றார். கரையில் கைவீசி நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். குரலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, காலமெல்லாம் வார்னிஷ் புகையைக் குடித்துக் கரகரத்துப்போன அந்தத் தொண்டை ஊருக்கே பழக்கமானது. மறுபடியும் அதையே சொன்னார். நாணல் லேசாக ஆடியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு மண்நிறக் குருவி கிளம்பிப் பக்கத்து நாணலுக்குப் போய் அங்கிருந்து மூன்றாம் முறையாக, "அம்மிணி… வந்துட்டேன்" என்றது. தண்டபாணி குருவியாகத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு எல்லோரும் மிச்ச நடையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

தண்டபாணிக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது நாற்பது வயசுக்கு மேலே. அந்த வயசில் ஆம்பிளைகளுக்குப் பிடிக்கிற மற்றப் பைத்தியங்களைப் பார்க்கும்போது இது தேவலை என்று ஊர் சொன்னது. அவர் அம்மிணி என்று கூப்பிடுகிற மனைவி சுலோச்சனா அப்படிச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடியுமுன்னே எழுந்து, முழங்கை நீள லென்சைத் துணியில் சுற்றி, இலைப்பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு குளத்துக்குப் போய்விடுவார். அங்கே கண்ணாடிக் கடை மருதாசலம், பல் டாக்டர் நஜீப், இன்னும் நாலைந்து பேர் அதே சட்டையில் நின்றிருப்பார்கள். இந்தக் கூட்டத்தைக் கல்யாணத்துக்கு அழைத்தால் மண்டபத்துக்குள் பார்க்க முடியாது, பின்பக்கத்து வேப்பமரத்தடியில் அண்ணாந்துகொண்டு நிற்பார்கள். வெயில் ஏறியதும் தண்டபாணி சேறு அப்பிய காலோடு வீட்டு வாசலுக்கு வந்து, கேட்டைத் திறக்கும்போதே, "அம்மிணி, வந்துட்டேன்" என்று சத்தம் கொடுப்பார். சுலோச்சனா பதில் சொன்னதே இல்லை. ஒரு வாரம் முழுக்கக் கடை, மிஞ்சுகிற ஒரு நாளும் கொக்குக்கும் நாரைக்கும் என்றால் பெண்டாட்டி எதற்கு என்பது அவள் கேள்வி. அந்தக் கேள்வியை வாயால் கேட்காமல், காபி டம்ளரை மேஜையில் 'ணங்'கென்று வைப்பதன் மூலம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் அதற்கு வாயால் பதில் சொல்லாமல் காபியைக் குடித்தார். இப்படியே கல்யாணமாகி வெள்ளிவிழாவும் தாண்டிப் போயிற்று.

செத்த அன்று அவர் தேடிப் போனது விராலடிப்பானை. அது வானத்திலிருந்து கல் விழுந்தாற்போல் தண்ணீரில் விழுந்து மீனோடு எழும்புகிற பருந்து. மீனும் பருந்தும் சேர்ந்து படத்துக்குள் அடங்கவில்லையென்று கேமராவில் கண்ணை வைத்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போயிருக்கிறார், மண் அள்ளிய பழைய குழி ஒன்று மழைத்தண்ணீர் நிரம்பிக் காத்திருந்திருக்கிறது. கேமரா மட்டும் வார் சிக்கிக் கோரைமேல் நனையாமல் தொங்கியது. கடைசிப் படத்தில் விரால் மீனின் கண்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது, தண்டபாணி எடுத்ததிலேயே அருமையான படம் அதுதான் என்று அவருடைய பாடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பறவைக் குழுவினர் பேசிக்கொண்டார்கள், பேசிவிட்டு வெட்கப்படவும் செய்தார்கள். ஊரிலுள்ள பறவைகளையெல்லாம் படமெடுத்தவருக்கு அவர் முகத்தைக் காட்ட ஒரு படம் வீட்டில் இல்லை. வாக்காளர் அட்டையிலிருந்ததைப் பெரிதாக்கித்தான் கண்ணீர் அஞ்சலி அடித்து ஒட்டினோம், அதில் அவர் யாரோ போல் இருந்தார்.

குருவி கூப்பிட்ட சேதியை சுலோச்சனாவிடம் கொண்டுபோனவள் பால்காரி. சுலோச்சனா பாலை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டு, பொங்கட்டும் என்று நின்று, பொங்கியதும் இறக்கிவைத்துவிட்டு, பிறகுதான் செருப்புப் போட்டாள். குளம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆனால் அவள் அதுவரை அதன் கரையில் ஏறியதில்லை, தன் சக்களத்தி வீட்டுக்கு எவள் போவாள். அன்று ஏறினாள். கரைமேல் நின்றவர்கள் வழிவிட்டார்கள். நாணலுக்குள்ளிருந்து அவர் கூப்பிட்டார், எப்போதும் போல, கேட்டைத் திறக்கும்போது சொல்கிற அதே சாதாரணக் குரலில். அவளுக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். எங்கே வந்தீர்கள், இதுவா வீடு, என்று நாணலைப் பார்த்துக் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். பேசுகிற குருவியைப் பற்றி எங்களுக்குள் பெரிய தர்க்கமில்லை. செத்தவர்கள் காகமாக வருவதற்குப் பழகிய ஊர், ஏன் காகமாக வரவில்லை என்பதுதான் தர்க்கம். காகமாக வந்திருந்தால் சோறு வைத்துக் கும்பிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருக்கலாம். காரியம் செய்துவைத்த அய்யரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, முறையில் பிசகு ஏதுமில்லை, ஆள் உயிரோடிருந்தபோதும் கோயிலுக்கு வராமல் குளத்துக்குத்தானே போனார் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார். அமாவாசைக்கு சுலோச்சனா இலையில் சோறு வைத்துக் கரையில் காத்திருந்தாள். இது கதிர்க்குருவி, சோறு தின்னாது, புழு பூச்சிதான் தின்னும் என்று மருதாசலம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவ்வளவுதான், நாடார் தெருவிலும் குளத்து மேட்டிலும் பெண்கள் செடிக்கு மருந்தடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கொசுப்புகை அடிக்க வந்த நகராட்சி ஆளை, தண்டபாணி பட்டினி கிடப்பார் போய்விட்டு வா என்று முனையிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரே கொசுக்கடி பட்டுத் தூங்காமல் கிடந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

தாலியறுத்த பெண்கள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். விடியலில் கரையோரம் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து, நீர்க்கோழி கத்தினாலும் மீன்கொத்தி கத்தினாலும் தன் பெயர் அதில் இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார்கள். வேலைக்குப் போவதாகச் சொல்லி ஓடிப்போன புருஷனைத் தேடி ஒருத்தி வந்தாள், செத்தவன்தான் குருவியாக வருவான், ஓடிப்போனவன் வரமாட்டான் என்று மற்றவர்கள் அவளைக் கேலி செய்து, பிறகு அவளுக்கும் சேர்த்தே டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருத்தியையும் எந்தப் பறவையும் கூப்பிடவில்லை. வெயில் ஏறியதும் புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அந்த நடையை நான் பார்த்திருக்கிறேன், அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

சுலோச்சனாவுக்குக் குரல் கேட்டதே தவிர ஆளைக் காண முடியவில்லை. பறவையைக் கையால் சுட்டிக்காட்டினால் பறந்துவிடும் என்பதால் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: மரத்தையோ புதரையோ ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டு, உச்சியில் இருந்தால் பன்னிரண்டு மணி, வலக்கைப் பக்கம் இருந்தால் மூன்று மணி என்று கிசுகிசுப்பார்கள். "ஒன்பது மணிக்கு உக்காந்திருக்காரு, பாரும்மா" என்பார் மருதாசலம். அவள் பைனாக்குலரைத் தூக்கி, கண்ணுக்கு நேரே கொண்டுவந்து, வட்டத்துக்குள் தெரிகிற நாணலிலிருந்து நாணலுக்குத் தேடிக்கொண்டு போவதற்குள் அவர் ஆறு மணிக்கு இறங்கி, பத்து மணிக்கு ஏறி, வேறு புதருக்கே போயிருப்பார். பிறகு அவருடைய கேமராவையே எடுத்துக்கொண்டு வந்தாள். கடைத்தெருவில் அவள் அந்த லென்சோடு வந்தபோது எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம். எடுத்த படமெல்லாம் ஆடின நாணல், வெறும் கிளை, பாதி இறகு, குருவி அந்த நொடிவரை உட்கார்ந்திருந்த இடம். அவள் அவற்றை அழிக்கவில்லை. புருஷனோடு வாழ்ந்த காலத்தில் அவர் பார்க்கிற திசையை ஒரு தடவையாவது பார்த்திருந்தால் இப்போது கண் பழகியிருக்குமே என்று மருதாசலத்திடம் சொன்னாள். மருதாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் ஆசை பெரிசில்லை. அவர் அத்தனை வருஷம் வாசலில் நின்று வந்துட்டேன் என்றாரே, அதற்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்கள் பக்கத்து மரியாதைப் பேச்சில் "வாங்" என்று பதில் சொல்ல வேண்டும். குளத்துக்கரையில் நின்று சொன்னால் அது செல்லாது. அவர் வீட்டுக்கு வர வேண்டும், அவள் உள்ளேயிருந்து சொல்ல வேண்டும். அதற்காகக் கார்த்திகையிலிருந்து அவள் வீட்டுக் கதவு சாத்தப்படவில்லை.

மகள் தாரணி ஓசூரிலிருந்து ஒரு சனிக்கிழமை வந்தாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்தவள். மறுநாள் விடியலில் கரையில் நின்று குரலைக் கேட்டாள். அவள் என்ன எதிர்பார்த்தாள் என்பது எங்களுக்குத் தெரிந்தது, அவர் மகளை 'குட்டி' என்று கூப்பிடுவார். வெயில் வரும்வரை நின்றாள். குருவி அம்மிணியைத் தவிர யாரையும் கூப்பிடவில்லை. "எம்பேரு அவருக்கு ஞாபகமில்ல போல" என்று தன் அம்மாவிடம் சொன்னாள். மகள் அன்று மத்தியானமே திரும்பிப் போய்விட்டாள், கூட வரச்சொல்லிக் கேட்கவும் இல்லை.

இதற்கிடையில் குழுவினருக்கு வேறு ஒரு கவலை. ஊரார் தண்டபாணி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், ஆனால் தண்டபாணி இப்போது என்ன இனம் என்று யாராவது சொல்ல வேண்டுமே. பார்க்க ஒன்றுபோலிருக்கிற மண்நிறக் குருவிகளில் பல வகை உண்டு, புருவக்கோடு கண்ணைத் தாண்டுகிறதா, அலகின் அடிப்பாகம் வெளிறா, இறக்கை நுனி எவ்வளவு நீளம் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் பெயர் சொல்ல முடியும். உயிரோடிருந்தபோது தண்டபாணிக்கே அதற்குப் பொறுமை கிடையாது, இந்த மண்ணுக்கலர் சனியனெல்லாம் எனக்கு வேண்டாம் என்று எடுத்த படத்தை அங்கேயே அழித்துவிடுவார். மருதாசலம் இது வடக்கேயிருந்து குளிருக்கு வருகிற நாணல் கதிர்க்குருவி என்றார். நஜீப் இல்லை, பெரிய நாணல் கதிர்க்குருவி என்றார். பறவைக் கணக்கெடுப்புக்கு விவரம் அனுப்பினார்கள், குறிப்பு என்ற இடத்தில் 'தமிழ் பேசுகிறது' என்று நஜீப் நாணயமாக எழுதினார். சென்னையில் உட்கார்ந்து சரிபார்க்கிற ஆள், குரல் அந்த இனத்துக்குப் பொருந்தவில்லை, தெளிவான படம் இல்லாமல் ஏற்க முடியாது என்று பதில் போட்டார். தண்டபாணியை ஒருத்தன் ஏற்க முடியாது என்றது குழுவுக்கு ரோஷமாகிவிட்டது.

அதனால் செய்யக்கூடாததைச் செய்தார்கள். புதருக்குள் ஒளிந்திருக்கிற ஆண் பறவையை வெளியே கொண்டுவர ஒரு குறுக்கு வழி உண்டு, அதன் குரலையே பதிவு செய்து அதற்கே போட்டுக் காட்டுவது. தன் இடத்தில் தன் குரலில் வேறொருத்தன் பேசுகிறான் என்று அது கொதித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நல்ல குழுக்களில் இதற்குத் தடை உண்டு, எங்கள் ஊர்க் குழுவிலும் உண்டு, தண்டபாணியே கை உயர்த்தி ஒப்புக்கொண்ட தடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நஜீப் தான் பதிவு செய்து வைத்திருந்ததைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கல்மேல் வைத்தார். "அம்மிணி… வந்துட்டேன்" என்றது ஸ்பீக்கர். நாணல் பிளந்துகொண்டு குருவி வெளியே வந்தது. திறந்த கோரைத் தண்டின்மேல் உட்கார்ந்து, இறகையெல்லாம் சிலிர்த்து, கழுத்தை முன்னே நீட்டி, ஸ்பீக்கரைப் பார்த்து அதையே சொன்னது. ஸ்பீக்கர் திரும்பச் சொன்னது. குருவி இன்னும் உரக்கச் சொன்னது. தொண்டை நடுங்க, வால் நடுங்க, அது சொல்லச் சொல்ல கேமராக்கள் படபடவென்று அடித்துத் தள்ளின.

படம் கண்ணாடியாக வந்திருந்தது. மருதாசலம் சொன்னதுதான் சரி, நாணல் கதிர்க்குருவி. சென்னைக்காரரும் ஏற்றுக்கொண்டார். சுலோச்சனாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள், புருஷனுடைய முகத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கோவம் வந்தா கழுத்த இப்படித்தான் நீட்டுவாரு" என்றாள். "யார்கிட்டங்ணா இத்தன கோவம்?"

மருதாசலத்துக்குப் பொய் வரவில்லை. ஸ்பீக்கரைப் பற்றிச் சொன்னார். தன் குரல்தான் அது என்று பறவைக்குத் தெரியாது, வேறொருத்தன் வந்துவிட்டான் என்றுதான் நினைக்கும், ஒரு நாள் இரண்டு நாள் சண்டை போடும், எதிராளி ஓயவில்லையென்றால் இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடும் என்றும் சொன்னார். சுலோச்சனா அவர்களைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஊர் திட்டியது. கோயில் முன்னால் கூடி, இனி யாரும் தண்டபாணியின் குரலை எங்கும் போடக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். எல்லோரும் அவரவர் போனை எடுத்து அழித்தார்கள். நஜீப் அழிக்கப் போனபோது சுலோச்சனா அவரைத் தனியே கூப்பிட்டு, "எனக்கு மட்டும் ஒண்ணு அனுப்பிருங் டாக்டர். காதுல வெச்சுக் கேக்கறதுக்குத்தான்" என்றாள். புருஷன் குரலைப் பெண்டாட்டிக்குக் கொடுக்காமலிருக்க எந்தக் கட்டுப்பாட்டுக்கு அதிகாரம் உண்டு, நஜீப் அனுப்பிவிட்டுத்தான் அழித்தார்.

தை பிறந்தது, குருவி நகர ஆரம்பித்தது. குளத்தை அழகுபடுத்தப்போகிறோம் என்று பொக்லைன் வந்து வடகரை நாணலை வழித்துக்கொண்டு போனது ஒரு காரணம், வீடு இருக்கும் திசை ஞாபகம் வந்தது இன்னொரு காரணம் என்று ஊர் சொன்னது, எங்களுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. கரையில் இருந்த நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்கு வந்தார். மாசியில் மாரியம்மன் கோயில் அரளிச்செடிக்கு வந்தார். அங்கிருந்து பள்ளிக்கூடத்துச் சுவரோரம். தெருவுக்குள் நுழைந்தபோது பெண்கள் கிரைண்டரை நிறுத்தினார்கள், டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள், பூனை வளர்த்தவர்கள் பூனையை உறவுக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள், ஆட்டோக்காரர்கள் வண்டியைத் தெருமுனையில் அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு மனுஷன் வீடு திரும்புகிறார், குறுக்கே நிற்காதே என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம். பங்குனி பிறந்தபோது தண்டபாணி தன் சொந்த வீட்டு முருங்கை மரத்தில் உட்கார்ந்து, "அம்மிணி… வந்துட்டேன்" என்றார். உள்ளேயிருந்து சுலோச்சனா, "வாங்" என்றாள்.

அவர் வரவில்லை. மனிதக் குரல் கேட்டதும் மரத்தின் அந்தப் பக்கத்துக்குத் தாவிவிட்டார். அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், உரக்கச் சொல்லிப் பார்த்தாள், பாட்டாகச் சொல்லிப் பார்த்தாள், சொல்லாமலும் இருந்து பார்த்தாள். மாப்பிள்ளையை அழைப்பதுபோல் வாசலில் கோலம் போட்டாள், அதை மிதிக்க வேண்டியவர் தரையில் இறங்கவே இல்லை. அவர் கூப்பிடுவார், அவள் வாங் என்பாள், அவர் நகர்ந்துவிடுவார். மரத்துக்கும் வாசற்படிக்கும் நடுவில் இருந்த இடத்தை ஒரு எட்டில் தாண்டிவிடலாம். அந்த இடத்தைப் பங்குனி வெயில் நாளுக்கு நாள் காய்ச்சிக்கொண்டிருந்தது.

மருதாசலம் வந்தார். வெயில் ஏறிவிட்டது, குளிருக்கு வந்ததெல்லாம் வடக்கே திரும்ப ஆரம்பித்துவிட்டது, வாலாட்டிக் குருவியெல்லாம் போயாயிற்று, தண்டபாணியும் இன்றோ நாளையோ என்று சொன்னார். போகாமல் இருக்க முடியாதா என்று கேட்டாள். அது அவர் கையில் இல்லையம்மா, அந்த உடம்பு அப்படி, இருந்தால் கருகிவிடுவார் என்றார். அவர் போன பிறகு சுலோச்சனா முன்னறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குருவி இத்தனை மாதத்தில் ஒரே ஒரு சத்தத்துக்குத்தான் மறைவிலிருந்து வெளியே வந்திருக்கிறது, அது எது என்று அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அது எவ்வளவு ஆபத்து என்பதும் தெரியும். ஒரு தடவை, உள்ளே வருகிற வரைக்கும், வந்ததும் போனை அணைத்துவிடுவேன், அவர் என்னைப் பார்த்துவிட்டால் புரிந்துகொள்ள மாட்டாரா என்று நினைத்ததாகப் பிறகு மகளிடம் சொன்னாள்.

மறுநாள் காலை குளித்து, அவருக்குப் பிடித்த அரக்குப் புடவை கட்டி, காபி போட்டாள். மேஜையில் அவர் உட்காருகிற நாற்காலிக்கு எதிரே டம்ளரைச் சத்தம் வராமல் வைத்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து, போட்டாள். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மிணி… வந்துட்டேன்" என்றது போன்.

முருங்கை மரம் அமைதியானது. பிறகு குருவி வந்தது. எந்த வாசலைத் தாண்ட அத்தனை நாள் தயங்கியதோ அதை ஒரே பாய்ச்சலில் தாண்டி உள்ளே வந்து, திறந்திருந்த கதவின் மேல்விளிம்பில் உட்கார்ந்தது. இறகு சிலிர்த்திருந்தது. கழுத்து நீண்டிருந்தது. அதன் புருவக்கோட்டைக்கூட அவளால் பார்க்க முடிந்தது, எந்தக் கண்ணாடியும் இல்லாமல், அவ்வளவு பக்கத்தில். சண்டைக்கு வந்த குருவி வாயைத் திறப்பதற்குள், மேஜைமேலிருந்து அந்தக் குரல் இரண்டாம் முறையாக, வீட்டுக்காரனின் உரிமையோடு, "அம்மிணி… வந்துட்டேன்" என்றது.

சுலோச்சனா, "வாங்" என்றாள். கதவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

குருவி அவளைப் பார்த்தது. அரக்குப் புடவையைப் பார்த்தது. ஆவி பறக்கிற காபியைப் பார்த்தது. ஒருத்தன் வந்துட்டேன் என்கிறான், அவள் வாங் என்கிறாள், உயிரோடிருந்த அத்தனை வருஷத்தில் தனக்குச் சொல்லாத வாங். அவள் போனைப் பிடுங்கி அணைக்கப் போனாள், கை பட்டு டம்ளரிலிருந்து காபி விரலில் சிந்தியது, ஈர விரலுக்கு அந்தக் கண்ணாடி மசியவில்லை. நஜீப் பதிவு செய்தபோது எத்தனை தடவை கூப்பிட்டாரோ அத்தனை தடவையும் அது சொல்லிக்கொண்டே போனது. முந்தானையில் விரலைத் துடைத்தாள், மறுபடி அழுத்தினாள், போனைத் தரையில் அடித்தாள், அடிபட்டுக் கிடந்தபடியும் அது வந்துட்டேன் என்றது. கதவின்மேல் சிலிர்த்திருந்த இறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கழுத்து உள்ளே போயிற்று. கோபமெல்லாம் வடிந்து அது ஒரு சின்ன மண்நிறக் குருவியாக ஆயிற்று. ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி, வந்த வழியே வெளியேறி, முருங்கையில் உட்காராமல், பள்ளிக்கூடச் சுவரில் உட்காராமல், அரளியில் உட்காராமல், குளத்துக்கு மேலே ஏறி வடக்கே போனது. தெருவில் எல்லோரும் பார்த்தோம்.

யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. கட்டுப்பாட்டை மீறியது பற்றி ஒருத்தர் பேச்செடுத்தபோது மற்றவர்கள் அவரை வாயை மூடச் சொன்னார்கள். கொசுப்புகை வண்டி திரும்ப வந்தது, கொடுத்தனுப்பிய பூனைகளும் திரும்ப வந்தன. தாரணி ஓசூரிலிருந்து ஓடிவந்து அம்மாவை மடியில் போட்டுக்கொண்டாள். அழாதேம்மா, சீசன் முடிந்து போயிருக்கிறார், திரும்பி வருவார் என்று தட்டிக்கொடுத்தாள்.

"சீசன் முடிஞ்சு போகல கண்ணு" என்றாள் சுலோச்சனா. "வேற ஆம்பள வந்து உக்காந்திருக்கான்னு நெனச்சுட்டுப் போயிட்டாரு. அது வேற யாருமில்லீங், நீங்கதான்னு எந்த பாசைல சாமி நான் அவருக்குச் சொல்லுவேன்?"



அடுத்த ஐப்பசியில் கதிர்க்குருவிகள் வந்தன. அதற்குள் குளத்து நாணல் முழுக்க வழிக்கப்பட்டிருந்ததால் ஊருக்குள்ளேயே நிறைய வந்தன, வேலியில், அரளியில், கடைத்தெருக் குப்பைமேட்டுப் புதரில். அவற்றில் ஒன்றுகூடப் பேசவில்லை. 'சக், சக்' என்று அந்த இனம் எப்போதும் எழுப்புகிற காய்ந்த சத்தத்தைத்தான் எழுப்பின. படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்த மருதாசலம், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, ஆளைச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார், அது பொய்யா உண்மையா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. சுலோச்சனா ஓசூருக்குப் போகவில்லை. இப்போது அவளுக்குக் கண் நன்றாகப் பழகிவிட்டது, குழுவில் யாரும் காணாத குருவியை அவள்தான் முதலில் காண்கிறாள். கேமரா எடுத்து வருவதில்லை. விடிந்ததும் கிளம்பி, எந்தப் புதரில் 'சக்' என்று கேட்கிறதோ அதன்முன் போய் நின்று, கையால் சுட்டாமல், "அது வேற யாருமில்லீங், நீங்கதான்" என்று மெதுவாகச் சொல்கிறாள். மனிதக் குரல் கேட்டதும் குருவி அடுத்த புதருக்குப் போய்விடுகிறது. அவளும் அடுத்த புதருக்குப் போகிறாள்.